20 டன் பொக்லைனுக்கு ஆள் கண்டறியும் கேமராவும் ரேடாரும்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் மூன்று பொக்லைன்கள் ஓடுகின்றன. இரண்டு 20 டன் வகையைச் சேர்ந்தவை, மூன்றாவது 14 டன். திருப்பூர், ஈரோடு சுற்றுவட்டாரத்தில் பாதாளச் சாக்கடைக் குழி, குடிநீர்க் குழாய்க் குழி, கட்டடங்களுக்கு அடித்தளம் தோண்டுவது ஆகியவைதான் பெரும்பாலும் எங்கள் வேலை. கடந்த ஆவணியில், 20 டன் இயந்திரம் ஒன்றில் ஆள் கண்டறியும் கேமராக்களும் ரேடாரும் கொண்ட ஒரு தொகுப்பைப் பொருத்தினோம். ஐப்பசி மழை, மார்கழிப் பனி, பங்குனிப் புழுதி, சித்திரை வெயில் என்று எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டதால், இப்போது அதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

தொகுப்பின் பெயரை எழுதவில்லை. இதே திரையும் இதே கேமராவும் நான்கைந்து வெவ்வேறு ஸ்டிக்கர்களோடு சந்தையில் கிடைக்கின்றன என்பது விலை விசாரித்தபோதே தெரிந்துவிட்டது. ஆகவே ஸ்டிக்கரைச் சொல்வதைவிட உள்ளே என்ன இருக்கிறது, அது எங்கே பயன்படுகிறது, எங்கே பயன்படவில்லை என்று சொல்வதுதான் வாங்க நினைப்பவருக்கு உதவும்.

வாங்கக் காரணமாக இருந்தது ஒரு இருசக்கர வாகனம். ஒரு குறுகிய தெருவில் குழாய்க் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் தம் வண்டியை இயந்திரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார். ஆபரேட்டர் மண்ணை அள்ளி டிப்பர் பக்கம் திரும்பினார். பின்பக்க வெயிட் (பக்கெட் பக்கத்துச் சுமைக்கு ஈடாக இயந்திரத்தின் பின்னால் இருக்கும் இரும்புப் பாரம்), அந்த வண்டியைச் சுவரோடு சேர்த்து அப்பளமாக்கிவிட்டது. ஆபரேட்டருக்கு எதுவுமே தெரியவில்லை, சத்தம்கூடக் கேட்கவில்லை. தெருவே கூடிக் கத்திய பிறகுதான் லிவரை விட்டார். வண்டிக்காரர் இன்னும் அரை நிமிடம் கழித்து டீக்கடைக்குக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வகைக் கருவியை மதிப்பிட வேண்டுமானால், முதலில் சுழலும் இயந்திரத்தின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். காருக்குப் பின்னால் பொருத்தும் பார்க்கிங் சென்சாரைப் பெரிதாக்கி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், விற்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது நேர்கோட்டில் மெதுவாக நகர்கிறது. பொக்லைன் அப்படியில்லை. 20 டன் வகையில் மேல்பாகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 சுற்று வேகத்தில் சுழலக்கூடியது, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 5 விநாடி. சுழலும் மையத்திலிருந்து வெயிட்டின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 2.75 மீட்டர் தள்ளி இருக்கிறது. முழு வேகத்தில் அந்த விளிம்பு விநாடிக்கு சுமார் மூன்றரை மீட்டர் நகரும். 9 மீட்டர் நீட்டிய நிலையில் பக்கெட்டின் முனையோ விநாடிக்கு 11 மீட்டருக்கு மேல், மணிக் கணக்கில் சொன்னால் 40 கிலோமீட்டர். நடைமுறையில் கால் வட்டம் மட்டுமே திரும்பும் வேலைகளில் முழு வேகத்தை எட்டுவதில்லை என்றாலும், பாதி வேகமே ஓர் ஆளைச் சுவரோடு அழுத்திவிடப் போதுமானது.

இன்னொன்றும் உண்டு. கேபின் இடப்பக்கம் இருப்பதால், வலப்பக்கத்தைப் பூம் (பக்கெட்டைத் தாங்கும் பெரிய கை) மறைக்கிறது. வலப் பின்பக்கத்தை எஞ்சின் மூடியும் வெயிட்டும் சேர்ந்து மறைக்கின்றன. கண்ணாடிகள் ஓரளவுக்கு உதவும், ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் கண்ணாடியில் தெரியும் இடமே மாறிவிடுகிறது. சற்று முன் காலியாகப் பார்த்த இடம் இப்போது இடப்பக்கம் போயிருக்கும், பார்க்காத இடம் பின்னால் வந்திருக்கும். வாகனத்துக்குப் பின்பக்கம் என்று நிலையான ஓர் இடம் இருக்கிறது. பொக்லைனுக்கு அப்படி ஓர் இடமே கிடையாது.

இனி தொகுப்புக்கு வருகிறேன். வலம், இடம், பின் என்று மூன்று பக்கமும் ஒவ்வொரு கேமரா, பூமின் அடியில் ஒரு கேமரா, வெயிட்டின் இரு மூலைகளிலும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒவ்வொன்று, கேபினுக்குள் 10 அங்குலத் திரை, ஒரு பஸ்ஸர், வெளியே ஒலிபெருக்கி, சிவப்பு விளக்கு, இவற்றை எல்லாம் இணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இருந்தன. சுழற்சியை நிறுத்துவதற்கான ஒரு ரிலே வெளியீடும் (மின்சார ஸ்விட்ச் இணைப்பு) பெட்டியில் உண்டு. பொருத்தும் கூலியோடு எனக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. நான்கு கேமரா காட்சிகளையும் ஒட்டி, மேலிருந்து இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் ஒரே படமாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. கேமராவில் மனித உருவம் தென்பட்டால் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, தூரத்துக்கு ஏற்ப மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கும்.

பொருத்துவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளும் மேல்பாகத்திலேயே இருப்பதால், சுழலும் மையத்தின் வழியாகக் கீழ்ப்பாகத்துக்கு வயர் கொண்டுபோகும் வேலை இல்லை. நாமக்கல் பக்கம் லாரி வயரிங் செய்து பழகிய எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒன்றரை நாளில் முடித்துக்கொடுத்தார். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து எடுத்தது அவருடைய யோசனை. கையேட்டில் எஞ்சின் சாவி வழியாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி எடுத்த வேறொருவரின் இயந்திரத்தில், ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் திரை அணைந்து மீண்டும் எழ அரை நிமிடம் ஆவதைப் பிறகு பார்த்தேன். அந்த அரை நிமிடத்தில்தான் ஆபரேட்டர் முதல் சுழற்சியைச் செய்கிறார். வெயிட்டில் ஓட்டை போட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன், ஆகவே கேமராக்கள் எல்லாம் கிளாம்பிலும் பிராக்கெட்டிலும்தான் நிற்கின்றன.

ரேடாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வேலைக்கு அது ஏமாற்றமே. புழுதி, இருட்டு, மழை எதுவும் ரேடாரைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பது உண்மை. கல்குவாரியில், திறந்த வெளியில், பக்கத்தில் வரும் டிப்பரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தெருவில், ரேடாருக்கு மதில் சுவரும் மண்மேடும் மின்கம்பமும் மனிதனும் ஒன்றுதான். வாகனங்களில் ரேடாரின் தொல்லையைக் குறைக்க, அசையாத பொருளை ஒதுக்கிவிட்டு அசைவதை மட்டும் காட்டும் முறை இருக்கிறது. பொக்லைன் சுழலத் தொடங்கியதும் ரேடாரே நகர்வதால், அசையாத சுவரும் அதன் கணக்கில் அசையும் பொருளாகிவிடுகிறது. விளைவு, பஸ்ஸர் ஓய்வதே இல்லை. முதல் வாரத்தில் ஒரு நாள் மதியம் இயந்திரத்தில் ஏறிப் பார்த்தபோது, பஸ்ஸரின் வாயில் பழைய துணியை அடைத்து, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை நான்கு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார் எங்கள் ஆபரேட்டர். கேட்டதற்கு, “அண்ணா, இது கத்திக்கிட்டே இருந்தா மெஷினோட சத்தம் எனக்குக் கேக்க மாட்டேங்குது” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவர், எஞ்சின் திணறும் விதத்தையும் பம்பின் முனகலையும் கேட்டே அடியில் பாறை வந்துவிட்டதா, பழைய குழாய் தட்டுகிறதா என்று சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்தை மறைக்கும் கருவி, ஓர் ஆபத்தைத் தடுக்க இன்னோர் ஆபத்தைக் கூட்டிவருகிறது. பிறகு நாங்கள் ரேடாரின் எல்லையை 1 மீட்டருக்குக் குறைத்து, பஸ்ஸரிலிருந்து விலக்கி, திரையில் மட்டும் ஒரு கோடாகத் தெரியும்படி அமைத்தோம். அதன் பிறகு அது யாருக்கும் தொல்லை தரவில்லை, பயனும் அதிகம் இல்லை. சுவருக்கும் வெயிட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க மட்டும் உதவுகிறது. இயந்திரத்தின் எந்தப் பகுதிக்கும், குறிப்பாக வெயிட்டுக்கும், அருகிலுள்ள தடைக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. எங்கள் தெருக்களில் ஓர் அடி கிடைத்தால் அன்று நல்ல நாள்.

ஆனால் கேமராக்கள் கொடுத்த காசுக்கு உழைக்கின்றன, குறிப்பாக வலப்பக்கக் கேமரா. பூம் மறைத்த அந்தப் பக்கம் முழுவதையும் ஆபரேட்டர் இப்போது பார்க்கிறார். ஆளைக் கண்டறியும் திறனை நான் நம்புவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். வைக்கோல் அடைத்த சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சட்டையும் பச்சை நிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் போட்டு, மைதானத்தில் இயந்திரத்தைச் சுற்றி வெவ்வேறு தூரங்களில் நிறுத்தினோம். பிறகு நானே போய் நின்றும் உட்கார்ந்தும் பார்த்தேன், எஞ்சினை அணைத்துச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான். நிமிர்ந்து நிற்கும் ஆளை 6 மீட்டரிலேயே தவறாமல் கட்டம் போட்டுக் காட்டியது. குந்தி உட்கார்ந்தால் 3 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்டுகொண்டது. சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் தலையும் தோளும் மட்டும் தெரியும்படி நின்றால், பாதி நேரம் விட்டுவிட்டது. தலையில் மண் சட்டி வைத்துச் சுமக்கும் பெண்ணை முதலில் அடையாளம் காணத் தடுமாறியது, மென்பொருளைப் புதுப்பித்த பிறகு பரவாயில்லை. குழிக்குள் குனிந்து குழாயை இணைப்பவரின் முதுகு மட்டும் தெரியும்போது அது ஒருமுறைகூட ஆள் என்று சொல்லவில்லை. பக்கெட் அந்த ஆளின் தலைக்கு மேல்தான் போய் வருகிறது என்பதால் இது சிறிய குறை அல்ல.

மறுபுறம், கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முதல் மாடியில் தொங்கிய திருஷ்டிப் பொம்மையைக் கேமரா மனிதனாகக் கருதி, இரண்டு நாள் விடாமல் எச்சரித்தது. மீசையும் கோரைப்பல்லும் வைத்த அந்த முகத்தைச் சுற்றித் திரையில் சிவப்புக் கட்டம் துடித்ததைப் பார்த்து, யாருடைய திருஷ்டி கழிகிறதோ என்று ஆட்கள் சிரித்தார்கள். மாடு, நாய் இரண்டையும் அது கண்டுகொள்வதே இல்லை. தெருவில் வேலை செய்பவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் அந்த ஒட்டுப் படத்தை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், கண்காட்சியில் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் இரண்டு கேமராக்களின் காட்சிகள் சேரும் கோட்டில் நிற்கும் ஆள் பாதியாகத் தேய்ந்துபோகிறார், சில கோணங்களில் காணாமலே போகிறார். அந்தக் கோடு விழும் இடம் வெயிட்டின் மூலை. பொக்லைனில் மிக வேகமாக நகரும் பின்பகுதி அதுதான். அதனால் சுழலும் திசைக்கு ஏற்ப வலக் கேமராவோ இடக் கேமராவோ தானாகவே பெரிதாகத் திரைக்கு வரும்படி மாற்றியமைத்துக்கொண்டோம். தொகுப்பில் இருக்கும் மிகச் சிறந்த அம்சம் இந்த அமைப்புதான், விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வலப்பக்கம் பூம் திரும்பினால் வெயிட் இடப்பக்கம் வரும். எனவே வலத்துக்குத் திருப்பும் லிவர் அசைந்தவுடன் இடப் பின்பக்கம் திரையில் தெரிய வேண்டும். தொழிற்சாலை அமைப்பில் இது தலைகீழாக, காரின் இண்டிகேட்டர் போல, திரும்பும் பக்கத்தையே காட்டும்படி இருந்தது. இதை உருவாக்கியவர்கள் ஒருமுறையாவது பொக்லைனில் உட்கார்ந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

கேமராவுக்கு எட்டாத ஓர் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 20 டன் வகையில் வெயிட்டின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 1 மீட்டர் இடைவெளி இருக்கும். பங்குனி, சித்திரையில் ஒரு குழாய்க் குழி வேலையிடத்தில் நிழல் என்று ஒன்று இருந்தால், அது பொக்லைனின் நிழல்தான். மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்து, ஆபரேட்டர் கேபினில் ஏறி ஸ்டார்ட் செய்யும் வரை, இரண்டு பேராவது அந்த வெயிட்டுக்கு அடியில், செயினில் (இயந்திரம் ஊர்ந்து நகரும் இரும்புப் பட்டையில்) முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருக்கும் வரை வெயிட் தலைக்கு மேலே சுழன்று போய்விடும். எழுந்திருக்கும் கணத்தில் சுழன்றாலோ, இயந்திரம் செயினில் நகர்ந்தாலோ என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்பக்கக் கேமரா வெயிட்டின் மேல் விளிம்பில் இருப்பதால், நேர் கீழே இருக்கும் இந்தப் பகுதி அதற்குத் தெரியவே தெரியாது. பிராக்கெட்டை அரை அடி வெளியே தள்ளி, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்த்தோம். வெயிட்டின் வெளியே நீட்டிய கால்கள் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. கால்களை மட்டும் வைத்து மனிதன் என்று அடையாளம் காணும் அளவுக்கு அந்த மென்பொருள் இல்லை. கடைசியில் 12 அடிக்கு 15 அடி தார்ப்பாய் ஒன்றை வாங்கி, நான்கு சவுக்குக் கொம்புகளை நட்டு, இயந்திரத்திலிருந்து தள்ளி ஒரு பந்தல் போட்டுக் குடிநீர்க் கேனையும் அங்கே வைத்தோம். ஒரு கேமராவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு வெயிட்டுக்கு அடியில் யாரும் உட்காரவில்லை.

வெளி ஒலிபெருக்கி முதலில் ஏதோ ஓர் ஊர் உச்சரிப்பில் ஆங்கிலத்தில் மென்மையாக அறிவித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் யாரும் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நல்ல வேளையாக, குரல் கோப்பு ஒரு மெமரி கார்டில் இருந்ததால் மாற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது எங்கள் ஆபரேட்டரே தம் குரலில் “வெயிட்டு வருது, தள்ளு!” என்றும், ஹெல்பர் ஒருவர் இந்தியில் “பீச்சே ஹடோ!” என்றும் கத்துகிறார்கள். பழக்கமான குரல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

இனிச் சுழற்சியைத் தானாக நிறுத்தும் வசதி. வாங்குபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய பகுதி இதுதான். விற்பனையாளரின் ஆள், அந்த ரிலேயைச் சேஃப்டி லாக்கின் சோலனாய்டில் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வில்) இணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். இருக்கையின் இடப்பக்கம், இறங்கும்போது தூக்கிவிடும் லிவர் இயக்குவது இதைத்தான். அதைத் துண்டித்தால் லிவர்களுக்குப் போகும் சுமார் 40 பார் பைலட் அழுத்தம், அதாவது பெரிய வால்வுகளை இயக்கும் சிறிய எண்ணெய் அழுத்தம், மொத்தமாக நின்றுவிடும். பூம், ஆர்ம், பக்கெட், செயின், சுழற்சி என்று எதுவும் வேலை செய்யாது. இணைப்பது எளிது, ஐந்து நிமிட வேலை. ஆனால் குழிக்குள் ஆளை வைத்துக்கொண்டு, சங்கிலியில் கட்டிய கான்கிரீட் குழாயை மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் கடந்ததற்காக எல்லாம் உறைந்து நின்று, குழாய் ஆட்டம் போட்டால், யாரைக் காப்பாற்ற யாரை நசுக்குகிறோம்? நான் மறுத்துவிட்டேன்.

எங்கள் ஹைட்ராலிக் மெக்கானிக்கிடம் பேசி, சுழற்சிக்கான பைலட் குழாய்கள் இரண்டிலும், வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றுமாக, தனித்தனிச் சோலனாய்டு வால்வு வைத்தோம். இதற்குத் தனியாகச் செலவானது. இதிலும் ஒரு கேள்வி இருந்தது. சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரத்தை நடுவில் நிறுத்தலாமா? மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, காலிப் பக்கெட்டோடு முழு வேகத்தில் சுழற்றி, பைலட்டைத் துண்டித்துப் பார்த்தோம். கால் வட்டத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்த பிறகுதான் நின்றது. பக்கெட் நிறைய மண் இருந்தால் இன்னும் கூடும். மனிதர் சுதாரித்து லிவரை விட எடுத்துக்கொள்ளும் முக்கால் விநாடியில் மட்டும் முழு வேகத்தில் 50 பாகைக்கு மேல் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வேகமெடுத்த பிறகு ஒலிக்கும் எச்சரிக்கை, விபத்தின் பின்னணி இசையாகத்தான் இருக்கும். சிலர் இதற்கு மாற்றாகச் சுழற்சியின் பார்க்கிங் பிரேக்கைப் போடலாம் என்கிறார்கள். அந்த பிரேக், நின்ற இயந்திரத்தை நகராமல் பிடித்துக்கொள்ள மட்டுமே வடிவமைக்கப்பட்டது. ஓடும் வேகத்தில் அதைப் போட்டால் பிரேக் தட்டும் ஸ்விங் கியரும் பழுதாகும், பக்கெட்டில் இருப்பது சிதறும், சரிவில் நின்றால் இயந்திரமே ஆட்டம் காணும்.

ஆகவே நாங்கள் ஒரே ஒரு வேலைக்குத்தான் இதைப் பயன்படுத்துகிறோம். மேல்பாகம் நின்றுகொண்டிருக்கும்போது, வெயிட் போகப்போகும் பக்கத்தில் 3 மீட்டருக்குள் ஆள் இருப்பதாகக் கேமரா சொன்னால், அந்தத் திசைக்கான சுழற்சி தொடங்காது. எதிர்த் திசைக்குத் திரும்பலாம், பூமைத் தூக்கலாம், இறக்கலாம். ஆபரேட்டர் பார்த்துத் தெளிந்த பிறகு, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றலாம். என் அனுபவத்தில் ஆபத்தான நேரம் சுழற்சியின் நடுப்பகுதி அல்ல, அதன் தொடக்கம். இயந்திரம் ஒரு நிமிடம் சும்மா நின்றால் போதும், ஓய்ந்துவிட்டது என்று நினைத்து யாராவது பின்னால் நுழைந்துவிடுகிறார்கள். இந்த எட்டு மாதங்களில் பதினோரு முறை, உண்மையாகவே ஆள் இருந்து, சுழற்சி தொடங்காமல் நின்றிருக்கிறது. ஆபரேட்டர் தம் நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அவற்றில் ஏழு முறை அங்கே இருந்தவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர், தெருவில் குறுக்கு வழி தேடியவர்கள்.

இதே காரணத்தால்தான், ஆட்களின் தலைக்கவசத்தில் டேக் மாட்டி ரேடியோ அலை மூலம் தூரத்தைக் கணக்கிடும் முறையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சுரங்கத்திலும் வேலி போட்ட பெரிய கட்டுமான இடத்திலும் அது சிறந்த முறை. சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் குழிக்குள் இருப்பவரையும் அது காட்டும், கேமராவால் அது முடியாது. ஆனால் தெருவில் போகிற தயிர்க்காரிக்கு யார் டேக் மாட்டுவது?

பராமரிப்பைப் பற்றியும் சில வார்த்தைகள். தண்ணீரும் தூசியும் புகாத தரம் என்று சொன்னது உண்மைதான், சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரைக் கேமராக்கள் தாங்கிக்கொண்டன. தாங்காதது பிரேக்கரின் அதிர்வை. பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்டிய மூன்று வாரங்களில், பூமின் அடியிலிருந்த கேமராவின் கனெக்டர் இரண்டு முறை கழன்றது. இப்போது அதைச் சிலிக்கான் பூசி, கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். காலை ஏழு மணி வெயில் நேராக லென்ஸில் விழும்போது பத்து நிமிடம் அந்தக் கேமரா குருடு. அதைத் திரை ஒரு சிறிய அடையாளத்தால் மட்டுமே காட்டுகிறது, பஸ்ஸர் மூலம் சொல்வதில்லை. பார்வை இழந்த கண்காணிப்புக் கருவி, பார்வை இழந்ததை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆயுத பூஜை அன்று ஹெல்பர் பையன் இயந்திரத்துக்குப் பக்தியோடு சந்தனமும் குங்குமமும் வைத்தபோது நான்கு லென்ஸ்களுக்கும் சேர்த்தே வைத்துவிட்டான். மறுநாள் காலை திரை முழுவதும் மஞ்சள் நடுவே ஒரு சிவப்புப் பொட்டாக இருந்தது. அப்போதும் கருவி எந்தப் புகாரும் சொல்லவில்லை.

இயந்திரத் தயாரிப்பாளர்களே தரும் அமைப்புகளோடு இதை ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பிட முடியாது. கோமட்சுவின் ஆள் கண்டறியும் காம்விஷன், கோபெல்கோவின் கே-ஐ ப்ரோ போன்றவை, ஹைட்ராலிக் கட்டுப்பாட்டோடு ஒன்றாக இணைக்கப்பட்டவை. கேட்டர்பில்லரின் இ-ஃபென்ஸில் சுழற்சிக்கு இடமும் வலமும் எல்லை குறித்துவிட்டால், இயந்திரமே அதைத் தாண்டாமல் நின்றுகொள்ளும். சுவர் ஓரத்தில் வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை, ஆள் கண்டறிவதைவிட இதற்காகவே நான் பொறாமைப்படுகிறேன். ஆனால் அவை எல்லாம் புதிய இயந்திரம் வாங்குபவருக்கு. 2014-ல் வாங்கிய என் பொக்லைனுக்கு, வெளியில் வாங்கிப் பின்னாளில் மாட்டும் பெட்டிதான் வழி. குறுகிய தெரு வேலை மட்டுமே செய்பவர், இந்தக் கருவிகளுக்கு முன் வெயிட் வெளியே நீளாத வகையை வாங்கலாமா என்று யோசிப்பது நல்லது. யன்மார் 1993-லேயே வியோ என்ற பெயரில் அப்படிப்பட்ட சிறிய இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டது. வெயிட்டின் வட்டம் செயினின் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால், கண்டறிய வேண்டிய இடமே பெருமளவு குறைந்துவிடுகிறது.

வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை இவை. ஐஎஸ்ஓ 16001 தரத்தின்படி சோதித்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். மண் அள்ளும் இயந்திரங்களில் பொருள் கண்டறியும் கருவிகளுக்கான சோதனை முறை அதில்தான் இருக்கிறது. என்னிடம் விற்றவர் தண்ணீர் புகாத தரச் சான்றிதழை நீட்டி, இதுதான் அது என்றார். சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கக் கேமராவைத் திரைக்குக் கொண்டுவர முடியுமா, குரலை மாற்ற முடியுமா, லென்ஸ் மறைந்தால் சத்தம் எழுப்புமா, ரேடார் இல்லாமல் தருவார்களா என்று கேளுங்கள். குந்தி உட்கார்ந்த ஆளைக் காட்டச் சொல்லி, பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பாருங்கள், கண்காட்சி அரங்கில் அல்ல, உங்கள் வேலையிடத்தில், மாலை ஆறு மணிக்கு.

இரண்டாவது 20 டன் இயந்திரத்துக்கு இந்த மாதம் ஆர்டர் கொடுத்திருக்கிறேன். ரேடார் வேண்டாம், பூமுக்கு அடியில் கேமரா வேண்டாம், மூன்று பக்கக் கேமராக்களும் பெட்டியும் போதும் என்றேன். அப்படிப் பிரித்துக் கேட்டதில் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மீந்த பணம் மெக்கானிக்கின் இரண்டு சோலனாய்டு வால்வுகளுக்கும் இன்னொரு தார்ப்பாய்க்கும் சரியாக இருக்கும்.